தலைமகனும் தலைமையும்

பனூ இஸ்ராயீல் கோத்திரங்கள் தரும் பாடம்

நபி யஃகூப் (அலை) அவர்களுக்கு ‘இஸ்ராயீல்’ என்ற பெயரும் உண்டு. அன்னாருக்கு ஆண் மக்கள் பன்னிருவர். அவர்களின் வழித்தோன்றல்களே ‘பனூ இஸ்ராயீல்’, அதாவது இஸ்ராயீலின் மக்கள் எனப்படுகின்றனர். அவர்கள் பன்னிரண்டு கோத்திரங்களாகப் பிரிந்திருந்ததை அல்அஃராஃப் அத்தியாயமும் (7:160), அவர்களிலிருந்து பன்னிரண்டு தலைவர்கள் ஏற்படுத்தப்பட்டதை அல்மாயிதா அத்தியாயமும் (5:12) எடுத்துரைக்கின்றன.

தலைமை யாருக்கு? சொத்து யாருக்கு? மூத்தவனுக்கு என்ன சிறப்பு? இக்கேள்விகள் அம்மக்களின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்றன. தந்தை மௌத்தாகி நாற்பது நாள் கழியுமுன் நம் வீடுகளிலும் எழுகின்ற கேள்விகள் இவையேயன்றோ? ஆகவே, இவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வது நம் இல்லங்களுக்குப் பயன் தரும்.

ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கோத்திரங்களைப் பற்றிய விவரங்கள் பல, யூதர்களும் கிறிஸ்தவர்களும் இன்று கையில் வைத்திருக்கும் பழைய ஏற்பாட்டிலேயே காணப்படுகின்றன. திருக்குர்ஆன் மெய்ப்பிப்பதை நாம் ஏற்கிறோம், மறுப்பதைத் தள்ளுகிறோம், அது மௌனமாயிருக்கும் விஷயங்களில் மெய்யென்றோ பொய்யென்றோ துணிந்து கூறாதிருப்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த ஒழுங்கு. அவ்வொழுங்கில் நின்றே கீழ்வருவனவற்றைப் பார்ப்போம்.

மூத்தவனுக்கு இரு பங்கு

பழைய ஏற்பாட்டின் உபாகமத்தில் (21:15-17) ஒரு சட்டம் உள்ளது. ஒருவனுக்கு மனைவியர் இருவர். ஒருத்தியை அவன் விரும்புகிறான், மற்றவளை வெறுக்கிறான். வெறுக்கப்பட்டவளுக்கு முதல் ஆண் குழந்தை பிறந்திருந்தால், அவனுக்குரிய தலைமகன் உரிமையைப் பறித்து விருப்பமானவளின் மகனுக்குக் கொடுக்கக் கூடாது. மூத்தவனுக்கு இரண்டு பங்கு கொடுத்தே தீர வேண்டும் என்கிறது அச்சட்டம். ‘சேஷ்ட புத்திர பாகம்’ என்று தமிழ் பைபிளில் சொல்லப்படுவது இதுதான்.

ஒருவனுக்கு மூன்று ஆண் மக்கள் என்று வைத்துக் கொள்வோம். சொத்து நான்கு கூறாக்கப்படும். மூத்தவனுக்கு இரண்டு, மற்ற இருவருக்கும் ஒவ்வொன்று. மகன்கள் இருக்கையில் மகளுக்குப் பங்கில்லை.

உரிமை ஓரிடத்தில், தலைமை வேறிடத்தில்

யஃகூப் (அலை) அவர்களின் மூத்த மகன் ரூபன். பிறப்பு வரிசைப்படி பார்த்தால் இரட்டைப் பங்கும் தலைமையும் அவர் வழியினருக்கே சேர வேண்டும். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. ரூபன் தமது உரிமையை இழந்தார் என்றும், தலைமகன் உரிமை யூஸுஃப் (அலை) அவர்களின் மக்களுக்குச் சென்றது என்றும், ஆளும் தலைமையோ யஹூதாவின் வழியில் வந்தது என்றும் முதலாம் நாளாகமம் (5:1-2) கூறுகிறது.

யூஸுஃப் (அலை) அவர்களின் மைந்தர்களான எஃப்ராயீம், மனாஸே இருவரின் பெயராலும் இரு கோத்திரங்கள் அமைந்தன. இரட்டைப் பங்கு என்பது இதுவே. வணக்கத்தலத்தின் பணி லாவீயின் கோத்திரத்துக்குக் கிடைத்தது. அவர்களுக்குத் தனி நிலப்பகுதி இல்லை. பிற கோத்திரங்களின் நிலத்தில் 48 ஊர்கள் மட்டும் ஒதுக்கப்பட்டன.

ஆக, சொத்துச் சிறப்பு ஒருவர் வழியில், ஆட்சி மற்றொருவர் வழியில், மார்க்கப் பணி வேறொருவர் வழியில் என்றாயிற்று. முதலில் பிறந்தவர் வழியில் இம்மூன்றில் ஒன்றுமே நிற்கவில்லை.

தாலூத்தின் நியமனம்

மூஸா (அலை) அவர்களுக்குப் பல தலைமுறைகளின் பின், பனூ இஸ்ராயீலின் பிரமுகர்கள் தம் நபியிடம் சென்று, தங்களுக்கு ஓர் அரசரை ஏற்படுத்தும்படி வேண்டினர். அல்லாஹ் தாலூத்தை நியமித்தான். கேட்டவர்களே உடனே ஆட்சேபித்தனர். ஆட்சிக்கு அவரைவிடத் தாங்களே தகுதியுள்ளவர்கள் என்றும், அவரிடம் செல்வம் இல்லையே என்றும் வாதிட்டனர். அல்லாஹ்வே அவரைத் தேர்ந்தெடுத்தான், அறிவிலும் உடல் வலிமையிலும் அவரை மேம்படுத்தியுள்ளான் என்று நபி பதிலளித்தார்கள் (2:246, 247).

இந்த ஆட்சேபணையின் வேரை முஃபஸ்ஸிர்கள் விளக்கியுள்ளனர். நுபுவ்வத் லாவீயின் வழியிலும், அரசு யஹூதாவின் வழியிலும் வருவது என்று அம்மக்கள் எண்ணியிருந்தனர். தாலூத்தோ புன்யாமீனின் வழியினர். பன்னிரு மக்களில் புன்யாமீன் கடைசியானவர்.

தாலூத்துக்குப் பின் ஆட்சியைப் பெற்ற தாவூத் (அலை) அவர்கள், தம் தந்தையின் எட்டு ஆண் மக்களில் இளையவர் எனப் பழைய ஏற்பாடு சொல்கிறது. அவர்களுக்குப் பின் வந்த சுலைமான் (அலை) அவர்களும் மூத்த மகனல்லர். சுலைமான் தாவூதுக்கு வாரிசானார் என்று திருக்குர்ஆன் (27:16) கூறுவது அறிவிலும் நுபுவ்வத்திலும் ஆட்சியிலும் வாரிசானதையே குறிக்கும் என்பது அஹ்லுஸ் ஸுன்னத் அறிஞர்களின் விளக்கம். நபிமார்கள் தீனாரையும் திர்ஹத்தையும் விட்டுச் செல்வதில்லையல்லவா?

இதற்கெல்லாம் அடிப்படையான விதியை இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றிலேயே காணலாம். தம்மை மக்களுக்குத் தலைவராக்குவதாக அல்லாஹ் அறிவித்தபோது, தம் சந்ததியினருக்காகவும் அவர்கள் வேண்டினார்கள். தன் வாக்குறுதி அநியாயக்காரர்களைச் சேராது என்று அல்லாஹ் பதிலளித்தான் (2:124). நபியின் சந்ததிக்கே இவ்விதி என்றால், மற்றவர் வம்சப் பெருமை எம்மாத்திரம்!

கோத்திரப் பெருமையின் முடிவும் தெரிந்ததே. சுலைமான் (அலை) அவர்களுக்குப் பின் பத்துக் கோத்திரங்கள் பிரிந்து வடக்கே தனியரசு அமைத்தன. அவ்வரசு கி.மு. 722-ல் அசீரியரிடம் வீழ்ந்தது.

ஐந்து சகோதரிகளின் வழக்கு

யூஸுஃப் (அலை) வழியினரான மனாஸே கோத்திரத்தில் செலொப்பியாத் என்பவர் ஆண் வாரிசின்றி இறந்தார். அவருடைய புதல்வியர் ஐவரும் மூஸா (அலை) அவர்களிடம் வந்து, மகன் இல்லை என்பதற்காகத் தங்கள் தந்தையின் பெயர் அழிந்து போவதா என முறையிட்டனர். அவர்கள் கேட்பது நியாயம் என்று இறைவனிடமிருந்து தீர்ப்பு வந்ததாக எண்ணாகமம் (27) கூறுகிறது. பின்னர் கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து, இப்பெண்கள் வேறு கோத்திரத்தில் மணமுடித்தால் நிலம் கைமாறிவிடுமே என்றனர். எனவே சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது (36).

இதைப் போன்றதொரு வழக்கு மதீனாவிலும் வந்தது. உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக் கொண்டார் என முறையிட்டார். வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, இரு பெண்மக்களுக்கும் மூன்றில் இரண்டு பாகமும், அவர்களின் தாயாருக்கு எட்டில் ஒரு பாகமும் கொடுத்துவிட்டு, மீதியைப் பெற்றுக் கொள்ளும்படி உத்தரவிட்டார்கள்.

நமக்குரிய சட்டம்

ஆண் பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண்ணுக்குப் பங்குண்டு என்பது நம் ஷரீஅத். மூத்தவன், இளையவன் என்ற பேதம் அதில் கிடையாது. ஒருவர் மனைவியையும் மூன்று மகன்களையும் ஒரு மகளையும் விட்டு மௌத்தானால், கஃபன் செலவும் கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றியபின் எஞ்சுவதை 56 கூறாக்க வேண்டும். மனைவிக்கு 7, மகன்களுக்குத் தலைக்கு 14, மகளுக்கு 7. மூத்த மகனுக்கும் கடைக்குட்டிக்கும் அதே 14தான்.

மூத்தவனுக்குக் கூடுதலாக வஸிய்யத் எழுதி வைக்கலாமே என்று சிலர் நினைக்கலாம். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. ஒரு பிள்ளைக்கு மட்டும் அன்பளிப்பு வழங்கி, அதற்குச் சாட்சியாக இருக்கும்படி வேண்டிய தோழரிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள்.

“கலியாணத்தில் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று; இனி அவளுக்கு ஏது பங்கு?” என்று கேட்பவர்கள் சிந்திக்க வேண்டும். நகையும் சீரும் தந்தை உயிரோடிருக்கையில் செய்தவை. பங்கோ அவர் மௌத்துக்குப் பின் அல்லாஹ் விதித்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அண்ணன் முகத்துக்கு அஞ்சி ஒரு பெண் விடுதலைப் பத்திரத்தில் ஒப்பமிட்டால் அது மனப்பூர்வமான சம்மதமும் ஆகாது. இப்பங்கீடுகளைத் தன் வரம்புகள் என்று கூறும் அல்லாஹ், அவற்றை மீறுவோரை நரகைக் கொண்டு எச்சரிக்கிறான் (4:13, 14).

அப்படியானால் மூத்தவனுக்குச் சிறப்பே இல்லையா? உண்டு. யூஸுஃப் அத்தியாயத்தைப் பாருங்கள். மிஸ்ரில் இளைய சகோதரர் பிடித்து வைக்கப்பட்டபோது, அவர்களில் மூத்தவர், தந்தைக்குக் கொடுத்த வாக்கை மற்றவர்களுக்கு நினைவூட்டினார். தந்தை அனுமதிக்கும் வரை அல்லது அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை அவ்விடத்தைவிட்டு அகல்வதில்லை என்று தங்கிவிட்டார் (12:80). தம்பிக்காக நிற்பதும் தந்தையின் வாக்கைக் காப்பதுமே மூத்தவனின் உரிமைகள்.

யஃகூப் (அலை) அவர்கள் ஸகராத்தின் நேரத்தில் தம் மக்களிடம் கேட்டதும் இதுதான்: தமக்குப் பின் யாரை வணங்குவீர்கள்? முன்னோர்களின் ஏக இறைவனையே வணங்குவோம் என்று மக்கள் வாக்களித்தனர் (2:133). அந்த வாரிசுச் சொத்தில் மூத்தவர் முதல் கடைசியானவர் வரை அனைவருக்கும் முழுப் பங்கு கிடைத்தது.

உரியவர்க்கு உரியதைக் கொடுத்து, அல்லாஹ்வின் வரம்புகளைப் பேணி வாழ நம் அனைவருக்கும் அவன் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.