போத்தலை ஊற்றிவிடாதீர்கள்

சோடாவுக்குள் ஏதோ மிதக்கிறது என்றால் நம்மவர்கள் உள்ளதைக் கொட்டிவிட்டு வெறும் போத்தலோடு கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். இல்லையேல் படமெடுத்து முகநூலில் போடுவார்கள். இரண்டுமே நுகேகொடை நீதவான் முன்னால் எடுபடாது.

திறந்துவிட்டீர்களா? மூடியை இறுக்கி, வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். "வீட்டில் விழுந்திருக்கும்" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே வசனத்தில் முடித்துவிடுவார். கைகொடுப்பது போத்தலிலுள்ள தொகுதி இலக்கம். அதே இலக்கத்துப் போத்தல்கள் கடைத் தட்டில் இருக்கும்போதே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி அவர் மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுத்து, ஒன்றைப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பி, மற்றதைத் தன் வசம் வைத்துக்கொள்வார். வழக்கு நிற்பது அந்த மாதிரியில்தான்.

எந்தப் பரிசோதகர்? கடை எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். முகவரி நுகேகொடை என்றிருந்தாலும் அது கோட்டே மாநகர சபைக்குள் இருக்கலாம், மஹரகம நகர சபைக்குள் இருக்கலாம். கொஹுவலைப் பக்கம் போனால் தெஹிவளை.

1928இல் ஸ்கொட்லாந்தில் டோனகியூ என்ற பெண் குடித்த இஞ்சிப் பியரில் நத்தை கிடந்ததாகத் தொடுத்த வழக்கைச் சட்டம் படித்த எல்லோரும் அறிவார்கள். போத்தலை வாங்கிக் கொடுத்தவர் தோழி; ஆனாலும் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்று 1932இல் தீர்ப்பானது. வேடிக்கை என்னவென்றால், நத்தை இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவேயில்லை.

லேபிள் கோளாறு வேறு கதை. திகதியின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். தின்னரால் அழித்து மறுபடி அச்சிட்ட இடம் மங்கலாகவோ பிசுபிசுப்பாகவோ இருக்கும். ஒட்டியின் மேல் ஒட்டி இருந்தால் நகத்துக்குத் தட்டுப்படும். சீனி நிறக் குறியையும் கவனியுங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. 2016 முதல் இதுதான் விதி. 12 கிராம் என்று எழுதிச் செம்மஞ்சள் போட்டிருந்தால் போத்தலே தன்னைக் காட்டிக்கொடுக்கிறது.

விலை, திகதி, பொய் விவரம் எல்லாவற்றுக்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி 1977. நீதவான் விதிக்கும் தண்டப்பணத்தில் உங்களுக்கு ஒரு சதமும் வராது. பணம் திரும்ப வேண்டுமானால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கடைக்காரர் தந்தே ஆகவேண்டும். இப்போதைய சீட்டுகளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடுவதால், வாங்கிய அன்றே கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.