கையெழுத்துக்கு மதிப்பு வரும் வயது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த கையோடு, சான்றிதழ் உறையும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுமாக என் மேசை முன்னால் வந்து நின்ற பிள்ளைகளில் பலர் இன்று ஃபோர்மேன், மேனேஜர். சொந்தப் பட்டறை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்களும் உண்டு. அதே நாளில், அதே சம்பளத்தில் சேர்ந்த வேறு சிலர் கடைசி வரை கடனோடும் கசப்போடும்தான் கழித்தார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘இவர் சொன்னால் சரி, திரும்பப் பார்க்க வேண்டாம்’ என்ற பெயரை முதல் சில வருஷங்களில் யார் எடுத்தார்களோ, அவர்களைத் தேடித்தான் நல்லது வந்தது. இப்போது வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு, அந்தப் பெயரை எடுப்பது பற்றியும் அதைக் காப்பாற்றுவது பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். காலை ஷிஃப்டுக்கு நீங்கள் வரவில்லை என்றால், இரவெல்லாம் நின்று வேலை பார்த்தவர் மெஷினை விட்டு நகர முடியாது. கம்பெனி பஸ் போய்விடும். வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட அவர்தான் போக வேண்டியிருக்கும். ஒரு போன் போட்டிருந்தால் சூப்பர்வைசர் வேறு ஆளை நிறுத்தியிருப்பார். லீவு எடுப்பதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் நின்றுபோவதை மறக்கவே மாட்டார்கள்.

2. தெரியாததைத் தெரியாது என்று முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து அளவு பார்க்கச் சொல்கிறார்கள். படிக்கும்போது ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்த கருவி. தெரியாது என்று சொல்ல வெட்கம். தலையாட்டிவிட்டு, பக்கத்து மெஷின்காரர் எழுதிய எண்ணையே தன் ரிப்போர்ட்டிலும் எழுதிவிடுகிற பிள்ளைகள் உண்டு. சாதாரண வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரைதான் காட்டும், சாதாரண மைக்ரோமீட்டர் 0.01 வரை காட்டும். டிராயிங்கில் கேட்டிருக்கும் டாலரன்ஸைப் பார்த்து எதை எடுப்பது என்று முடிவு செய்யத் தெரியாவிட்டால், ஆயிரம் பீஸ் அளந்தாலும் அது அளந்ததாகாது.

சேர்ந்த புதிதில் எதைக் கேட்டாலும் சொல்லித் தருவார்கள். இரண்டு வருஷம் கழித்து அதையே கேட்டால், இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பார்கள். யாரிடம் கேட்பது என்று தயங்க வேண்டாம். டூல் ரூமில் தலை நரைத்த ஒருவர் கண்டிப்பாக இருப்பார். ‘அண்ணே, இதை ஒருதரம் காட்டுங்க’ என்று டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். இத்தனை வருஷத்தில் தாம் கற்றதைக் கேட்க ஒரு பிள்ளை வந்ததே என்று அவருக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து, கேட்டதை அன்றே எழுதிவிடுங்கள். ஒரே கேள்வியை மறுபடி கேட்காமல் இருப்பதுதான் சொல்லித் தந்தவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை.

3. சம்பளச் சீட்டைப் படியுங்கள். கைக்கு வந்த தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவர்கள்தான் அதிகம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பி.எஃப். பிடித்தம். அதே அளவு கம்பெனியும் போட வேண்டும். கம்பெனி போடுவதில் ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும். பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்று பாஸ்புக்கை மாதா மாதம் பாருங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத இடங்களும் இருக்கின்றன, ஒரு வருஷம் கழித்து விழித்துக்கொண்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், கம்பெனி கட்டுவது 3.25 சதவீதம். தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோயில் படுக்கும்போது மருத்துவர் சான்றின் பேரில் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். டெங்கு வந்து மூன்று வாரம் படுத்துவிட்டு, இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வட்டிக்கு வாங்கிய பிள்ளைகளைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். தன் சம்பளக் கணக்கே தெரியாதவர் சம்பள உயர்வு பற்றி எதை வைத்துப் பேசுவார்?

4. ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனசுக்காரர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒரு ஃபிட்டர் இருந்தார். அதிர்ந்து பேச மாட்டார், அவ்வளவு நல்ல கை. கூட வேலை பார்த்தவர் வண்டி வாங்கக் கடன் கேட்டபோது, ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மச்சான்’ என்ற ஒரு வார்த்தைக்காகக் கையெழுத்துப் போட்டார். ஆறேழு தவணையோடு நண்பர் வேலையை விட்டார், ஊரையும் விட்டார். வசூலுக்கு ஆள் வந்தது இவர் வீட்டு வாசலுக்கு. தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் அதில் போனது. அந்த நட்பும் போனது. அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது.

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் அவரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது, அந்த நிலுவை உங்கள் பேரிலும் தெரியும்.

முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்று கேட்பீர்கள். ‘வீட்டில் யாருக்கும் ஜாமீன் போட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்’ என்று சொல்லலாம். அம்மாவிடம் இன்றைக்கே அந்த வாக்கைக் கொடுத்துவிட்டால் அது பொய்யும் ஆகாது. பிறகு, திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை நண்பர் கையில் கொடுங்கள். உதவியும் செய்ததாகும், நட்பும் பிழைக்கும்.

5. சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுங்கள். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் போடலாம் என்பவருக்கு மிச்சம் இருந்து நான் பார்த்ததில்லை. சீட்டுப் போடுவதானால் 1982-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். கிரெடிட் கார்டில் ‘மினிமம் டியூ’ மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மீதித் தொகைக்குப் பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். கந்துவட்டிக்காரரிடம் போகப் பயப்படுகிற பிள்ளைகள் இதற்குப் பயப்படுவதில்லை.

6. வேலையில் தவறு நேர்ந்தால், மற்றவர் கண்டுபிடிக்கும் முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். சி.என்.சி. மெஷினில் டூல் ஆஃப்செட்டைத் தப்பாகப் போட்டு ஒரு டிரே முழுக்க அளவு கூடிப்போனது. போட்ட பையன் பேக்கிங்குக்குப் போகும் முன் ஓடி வந்து சொன்னான். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டினார், பையன் தலையைக் குனிந்து நின்றான். மறுவருஷம் புது மெஷின் வந்தபோது அதைப் பழக அதே சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்த பெயர் அவனுடையது.

7. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் உங்களிடமே இருக்கட்டும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பணம் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு என்று நீங்கள் முடிவு செய்து, நீங்களே அனுப்புங்கள். ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் சம்பாதித்த பிறகும் தன் கணக்கில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வேலையை விட்டுப் போன பெண்களைக் கண்டிருக்கிறேன். அது நியாயமே இல்லை. பெற்றோர் இதைப் படித்தால் அவர்களும் யோசிக்கட்டும்.

8. வேலையை விடும்போது கோபத்தில் விடாதீர்கள். நோட்டீஸ் நாட்களை முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு, பழகிக் கொடுக்க வேண்டியதைப் பழகிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோரையும் எங்காவது மறுபடி சந்திக்கிறார்கள். பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்காதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷச் சேவை வேண்டும். ஒவ்வொரு முறையும் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருஷக் கணக்கும் அதோடு முடிந்துவிடும்.

9. நாமினி பெயரைப் பதிவு செய்யுங்கள். இருபத்திரண்டு வயதில் சாவைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆனாலும் பூந்தமல்லி சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து வண்டியில் போன ஒரு பிள்ளை வீடு போய்ச் சேரவில்லை. நாமினி எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தான். அவன் அம்மா வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கும் எங்கள் ஆபீஸுக்குமாக நடந்தார். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், இருப்புத் தொகை தவிர 7 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸும் உண்டு. அதுவும் தாமதமாகத்தான் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பி.எஃப்.பில் கொடுத்த நாமினி, கல்யாணம் ஆனதும் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். போனிலேயே பி.எஃப். உறுப்பினர் பக்கத்தைத் திறந்து, நாமினியின் ஆதார் விவரமும் போட்டோவும் ஏற்றி, ஆதார் ஓ.டி.பி. மூலம் கையெழுத்திட்டால் முடிந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள். அண்மையில் கல்யாணம் ஆனவர்கள் இன்று இரவே பாருங்கள்.