தானாக அணைந்து எழும் கணினி: காரணம் காணும் முறை

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கணினித் திரை கறுத்து, சில விநாடிகளில் கணினி தானாகவே மீண்டும் இயங்கத் தொடங்குவதை நம்மில் பலர் கண்டிருப்போம். எப்போதோ ஒருமுறை நிகழ்ந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நான்கு முறை நிகழுமானால் அதனைப் பழுதென்றே கொள்ளவேண்டும். தாராவியில் தோல்பொருள் பட்டறை நடத்துபவர் மாதத்தின் 20ஆம் நாள் ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்துகொண்டிருக்கலாம். மாட்டுங்காவில் ஓய்வூதியர் ஒருவர் மகளுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அந்நேரத்தில் கணினி அணைந்தால் வீணாவது நேரம் மட்டுமன்று. ஆகவே, பணப் பரிமாற்றத்தின் நடுவே இது நிகழ்ந்தால் செய்யவேண்டியதையும், பழுதின் காரணத்தைக் கண்டறியும் முறையையும் இங்கே காண்போம்.

முதலில் பணம், பிறகு கணினி

'உறுதிசெய்' என்னும் பொத்தானை அழுத்தியவுடன் நமது ஆணை வங்கியின் கணினிக்குச் சென்றுவிடுகிறது. அதன்பின் வீட்டுக் கணினி அணைந்தாலும் பரிமாற்றம் அங்கே தொடர்ந்து நடைபெறும். விடை மட்டும் நம் திரைக்கு வந்து சேர்வதில்லை. இதனை அறியாமல் பலர் கணினி எழுந்தவுடன் அதே தொகையை மறுமுறை அனுப்பிவிடுகின்றனர். அவ்வாறு செய்தல் கூடாது. கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியையும் கணக்கு அறிக்கையையும் முதலில் பார்க்கவேண்டும். பற்று விழவில்லை, பரிமாற்றம் நிலுவையிலும் இல்லை என்று உறுதியான பின்னரே மறுபடி அனுப்பவேண்டும்.

பற்று விழுந்து, பெறுபவர் கணக்கில் வரவு ஆகாதிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, ஐ.எம்.பி.எஸ். அல்லது யு.பி.ஐ. வழியாக அனுப்பிய தொகை சேராவிட்டால், பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகவே திரும்பவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பரிமாற்றக் குறிப்பு எண்ணைக் குறித்து வைத்திருந்தால் முறையீடு எளிதாகும்.

இதனோடு சேர்த்துச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. கணக்குக் கோப்புகள், வரி ஆவணங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ உடனே நகலெடுத்தல் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுபட்டால் கோப்பு சிதையக்கூடும். கணினியைப் பழுதுபார்க்க முடியும். சிதைந்த கணக்கை மீட்பது எப்போதும் இயலாது.

குறிப்பேடு

இருப்பாய்வு பொருந்தாதபோது கணக்கர் எல்லாப் பேரேடுகளையும் ஒருசேரத் திருத்துவதில்லை. வேறுபாட்டுத் தொகையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்துச் செல்கிறார். கணினிக்கும் அம்முறையே பொருந்தும். அணைந்த நாள், நேரம், அப்போது செய்த வேலை, அவ்வேளை வீட்டில் ஓடிய மின்கருவிகள் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். பத்துப் பதிவுகள் சேர்ந்தால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தென்படும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டு நாளுக்கொருமுறை அணையும் கணினியாயின், ஒரு மாற்றத்திற்குப் பின் ஒரு வாரமாவது பொறுத்திருந்த பிறகே பழுது நீங்கியது என முடிவு செய்யலாம்.

மின்சாரத்திலிருந்து தொடங்குக

தளர்ந்த பிளக், தேய்ந்த சுவிட்ச், நெருக்கமாகப் பல கருவிகள் மாட்டப்பட்ட நீட்டிப்புப் பலகை ஆகியவற்றை முதலில் ஐயுறவேண்டும். வீடும் தொழிற்கூடமும் ஒன்றாய் அமைந்த இடங்களில் தையல் மோட்டாரோ குளிர்பெட்டியோ ஓடத் தொடங்கும் கணத்தில் மின்னழுத்தம் சற்றே தாழும். லேசர் அச்சுப்பொறி சூடேறும்போதும் அவ்வாறே நேரும். கணினியை வேறொரு சுவர்ப் பிளக்கில் தனியாக இணைத்துச் சில நாள்கள் பாருங்கள். பழைய கட்டடமாயின் புவி இணைப்பு சரியாக உள்ளதா என்பதை மின்பணியாளரைக் கொண்டு சோதித்தல் நன்று.

யு.பி.எஸ். இருப்பதனாலேயே கவலையில்லை என்று எண்ணலாகாது. அதன் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். வலுவிழந்தபின், மின்சாரம் நொடிப்பொழுது தடைப்பட்டாலும் கணினியைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இராது. எல்லாக் கோப்புகளையும் சேமித்துவிட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் மின்சாரத்தைச் சுவிட்சில் நிறுத்திப் பாருங்கள். கணினி உடனே அணைந்தால் பேட்டரியை மாற்றவேண்டும். 2020 அக்டோபர் 12 காலை மும்பை முழுவதும் மின்சாரம் நின்றபோது, பலர் வீட்டிலிருந்தே அலுவல் பார்த்துவந்தனர். நல்ல நிலையிலிருக்கும் யு.பி.எஸ். அத்தகைய வேளையில் நமக்குத் தருவது சில நிமிடங்களே. கோப்புகளைச் சேமித்துக் கணினியை முறைப்படி நிறுத்த அவை போதும்.

வெளியே குறையில்லையெனில் கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியை ஐயுறலாம். கணினிக்குப் பளு கூடும் நேரங்களில் மட்டும் அணைவது இதன் அறிகுறி. இப்பெட்டியை நாமே பிரித்தல் ஆபத்து. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

வெப்பமும் தூசியும்

கணினி தொடங்கி அரைமணி கழித்தே அணைகிறது, கோடையில் மிகுதியாக அணைகிறது என்று குறிப்பேடு காட்டினால் காரணம் பெரும்பாலும் வெப்பமாகும். ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை எட்டும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும் வகையிலேயே பெரும்பாலும் வடிவமைக்கப்பட்டுள்ளது. சாலைத் தூசியும் பட்டறைத் தூளும் விசிறியில் படிய, மழைக்கால ஈரம் அதனைப் பிசினாக்கிவிடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மென்மையான தூரிகையால் தூசியை நீக்கவேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். மடிக்கணினியை மெத்தைமீது வைத்து இயக்கினால் காற்றுத்துளைகள் அடைபடும்.

கணினியே எழுதி வைக்கும் பதிவு

மென்பொருட் பிழை நேரும்போது விண்டோஸ் நீலத்திரையில் (விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் கருந்திரையில்) ஒரு செய்தியைக் காட்டும். ஆனால் நாம் அதனைப் படிக்கும் முன்னரே மறுதொடக்கம் செய்துவிடும். 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரேயுள்ள குறியை நீக்கினால் அச்செய்தி திரையில் நிற்கும். அதனைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம்.

'ஈவன்ட் வியூவர்' என்னும் பகுதியில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு காணப்படலாம். முறைப்படி நிறுத்தப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியது என்பதே அதன் பொருள். அது விளைவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நீலத்திரையே தோன்றாமல் இப்பதிவு மட்டும் திரும்பத் திரும்ப இருந்தால் மின்சாரம், வெப்பம், வன்பொருள் ஆகியவற்றின் பக்கமே தேடல் திரும்பவேண்டும். நீலத்திரைச் செய்தி ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இருந்தால் ரேம் நினைவகத்தை ஐயுறலாம். விண்டோஸிலேயே உள்ள 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையைக் கட்டணமின்றி இயக்கிப் பார்க்கலாம்.

இரு நிகழ்வுகள், ஒரு பாடம்

2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' என்னும் தீநிரல், உலகெங்கும் கணினிகளை 60 விநாடி எச்சரிக்கையோடு அணைத்து எழுப்பியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே இரையாயின. 2024 ஜூலை 19 அன்று நிகழ்ந்தது இதற்கு மாறானது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதித் தந்தனர். அது நிறுவனங்கள் பயன்படுத்தும் பாதுகாப்பு மென்பொருள். வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே வீட்டில் புதுப்பிப்புகளை நிறுத்தி வைத்தல் கூடாது. விண்டோஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' நேரத்தைக் குறித்துவிட்டால் வேலை நேரத்தில் அது தானாக மறுதொடக்கம் செய்யாது.

உதவி நாடும்போது

"உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, நாங்கள் சரிசெய்கிறோம்" என்று தாமாக அழைப்போரை நம்பலாகாது. அவர்கள் சொல்லும் தொலை இயக்கச் செயலியை நிறுவினால், நம் திரையும் வங்கிக் கணக்கும் அவர்கள் கைக்குச் சென்றுவிடும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் கடவுச்சொல்லைப் பகிர்ந்ததால் நேரும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை அவரையே சாரும். ஏமாற்றம் நேர்ந்தால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் அக்கணமே தெரிவியுங்கள்.

கணினியை லாமிங்டன் சாலைக்கோ அருகிலுள்ள கடைக்கோ கொண்டு செல்லும் முன், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கிவிடுங்கள். குறிப்பேட்டையும் நீலத்திரைப் படத்தையும் பணியாளரிடம் காட்டுங்கள். எதை மாற்றினார் என்று கேட்டு, கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பப் பெறுங்கள். மின்வழங்கியோ ரேமோ பழுதானதற்காகப் புதுக் கணினி வாங்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. கணினி திரும்பி வந்ததும் இணைய வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.