கொடுப்பவர் யார், பெறுபவர் யார்?



"தானம் யார் செய்வாங்க?" என்று கேட்டால், "வசதி உள்ளவங்க" என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அந்தப் பதில் சரியா என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

திருக்குறளில் 'ஈகை' 23ஆவது அதிகாரம். இல்லாதவருக்குக் கொடுப்பதைச் சொல்கிறது. அதற்கு முன்பே, 22ஆவதாக, 'ஒப்புரவறிதல்' வந்துவிடுகிறது. அதில் வள்ளுவர் காட்டும் உவமைகளில் ஒன்று, நீர் நிறைந்த ஊருணி. ஊருணியில் தண்ணீர் எடுக்க யாரும் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். அது ஊருக்கே சொந்தம். வித்தியாசம் புரியுதா? நம்முடைய சேவையும் ஊருணி மாதிரி இருக்க மூன்று விஷயங்கள் வேண்டும்.

1. எல்லாரிடமும் கேட்க வேண்டும்

1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைக்குத் தமிழ் நூலகம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டப்பட்டது. முன்னின்றவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. அவர் கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி! ஒரு வெள்ளி கொடுத்த தொழிலாளியும் "இது என் நூலகம்" என்று சொல்லலாம் இல்லையா?

2. பெறுபவரும் பங்காளி ஆக வேண்டும்

அதே காலத்தில் பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அவர்களுக்கு அரிசி மூட்டை கொடுத்திருந்தால் ஒரு மாதம் ஓடியிருக்கும். துன் வீ. தி. சம்பந்தன் வேறு வழி பார்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் தொழிலாளர்களைச் சேர்த்தார். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அவற்றில் ஒன்று. உதவி தேவைப்பட்டவர்களே பங்குதாரர்கள் ஆனார்கள்.

3. பலனைப் பார்க்க வேண்டும்

நான் பொறியியல் படிக்கிறேன். பம்ப் ஓடினால் மட்டும் போதாது, கடைசிக் குழாயில் தண்ணீர் வருதா என்று பார்க்கணும். நாமோ "200 பள்ளிப் பைகள் கொடுத்தோம்" என்று படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். வீட்டில் ஏற்கெனவே மூன்று பை இருக்கலாம். வேன் கட்டணம் கட்ட முடியாமல்தான் அந்தப் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வராமல் இருக்கலாம். பையை எண்ணினால் இது தெரியாது. வருகைப் பதிவைப் பார்த்தால் தெரியும். அந்த அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் இன்னும் சுலபமாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. உதவி வாங்கும் பிள்ளையின் முகத்தைப் படம் பிடித்துப் பரப்பாதீர்கள். நாளைக்கு அதே பிள்ளை நம் மன்றத்தில் உறுப்பினராகி, நம் பக்கத்தில் உட்கார வேண்டும். கூச்சப்பட்டு ஒதுங்கிவிட்டால் நாம் கொடுத்ததைவிட எடுத்ததுதான் அதிகம்.

கலந்து பேச:

• உங்கள் கிளையின் கடைசிச் சேவைத் திட்டத்தை முடிவு செய்த கூட்டத்தில், உதவி பெற்றவர்களில் ஒருவராவது இருந்தாரா?

• அடுத்த திட்டத்தில் அவர்கள் என்ன பொறுப்பு ஏற்கலாம்? சமையலா, கணக்கா, டியூஷனா?

• ஆறு மாதம் கழித்து எதைப் பார்த்து "பலன் கிடைத்தது" என்று சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை இப்போதே எழுதி வையுங்கள். நிதி திரட்டுவதை அதற்குப் பிறகு தொடங்கலாம்.