ஆறு துளைக்கு ஒரு மென்பொருளா?

கோவை கணபதியில் ஒரு ஜாப் ஷாப். டிப்ளமோ முடித்து, கேட்-கேம் சான்றிதழும் கையில் வைத்திருந்த பையன் ஒருவன் வேலை கேட்டு வந்தான். உரிமையாளர் ஒரு டிராயிங்கை நீட்டினார். சதுரத் தகடு, நடுவில் 60 மி.மீ. பிசிடியில், அதாவது 60 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தின் மேல், ஆறு துளைகள். "எந்த சாஃப்ட்வேர்ங்க சார் இருக்கு?" என்றான் பையன். பேனாவும் தாளும்தான் என்றதும் பேச்சு நின்றுவிட்டது. அந்தச் சான்றிதழுக்கு அவன் அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார்.

கணபதியிலும் பீளமேட்டிலும் அம்பத்தூரிலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. ஏசி அறை, கம்ப்யூட்டர், 'ப்ரோகிராமர்' என்ற பட்டம், எண்ணெய் படாத சட்டை. பெற்றோர் கேட்பது இவற்றைத்தான். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த கோர்ஸிலேயே இவனையும் சேர்த்துவிடுகிறார்கள்.

வி.எம்.சி. எனப்படும் செங்குத்து மெஷினிங் சென்டரில் எளிய ஜாப் ஓட்ட மூன்று வழிகள் இருப்பது தொழிலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும்: கையால் ஜி கோட் எழுதலாம், மெஷின் திரை கேட்கும் அளவுகளை நிரப்பலாம், கேம் மென்பொருளில் பாதையை உருவாக்கி இறக்கலாம்.

இரண்டாவது வழியை 1981-இல் மசாட்ரோல் மூலம் பரவலாக்கியது ஜப்பானின் மசாக் நிறுவனம். ஃபானுக்கின் மேனுவல் கைடு ஐ, சீமென்ஸின் ஷாப்மில் ஆகியவையும் இதே வகை. ஒன்றிரண்டு பீஸ் மட்டும் வரும் டூல்ரூம் வேலைக்கு மிக நல்லது. ஆனால் ஒரு கன்ட்ரோலில் பழகிய திரை இன்னொன்றில் இருக்காது.

அதிகம் எச்சரிக்க வேண்டியது மூன்றாவது வழியைப் பற்றித்தான். கம்ப்யூட்டரைக் கொண்டு டூல் பாதையைக் கணக்கிடும் முயற்சி 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏபிடி மொழியாக வளர்ந்தது, விமானப்படையின் ஆதரவோடு. விமான பாகங்களின் வளைந்த பரப்புகளைக் கையால் கணக்கிட்டு மாளாது என்பதே காரணம். இன்றும் கேம் மென்பொருளின் உண்மையான இடம் அதுதான். கோவையின் பம்ப் தொழிலுக்கு இம்பெல்லர் பேட்டர்னும் கோர் பாக்ஸும் செதுக்க அது இல்லாமல் முடியாது. ஆறு துளைத் தகடு அந்த ரகம் இல்லை.

அந்தத் தகட்டின் நான்காவது துளையில் டிரில் ஒடிந்தால், மென்பொருள் கக்கிய வரிகளை வாசிக்கத் தெரியாதவன் முதல் துளையிலிருந்துதான் மறுபடி தொடங்குவான். துளை அரை மில்லி நகர வேண்டும் என்று டிராயிங் மாறினால், மெஷினை நிறுத்திவிட்டு கம்ப்யூட்டர் அறைக்கு ஓடுவான்.

இதைவிடப் பெரிய சிக்கல் டூல் ஆஃப்செட்டில் வருகிறது. 10 மி.மீ. எண்ட்மில்லைச் சாணை பிடித்து வந்தால் 9.92 ஆகியிருக்கும். 80 மி.மீ. வெளி அளவு 80.08-இல் நிற்கும். டூல் ஆரத்தைக் கன்ட்ரோலே கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஜி 41 போட்டு எழுதிய ப்ரோகிராம் என்றால், ஆஃப்செட் பக்கத்தில் டூல் ஆரத்தை 5.00-இலிருந்து 4.96 ஆக்கினால் போதும். டூல் மையத்தின் பாதையாகவே மென்பொருள் கொடுத்திருந்தால், முழுவதையும் மறுபடி ஜி கோடாக மாற்றி (போஸ்ட் பண்ணி) இறக்க வேண்டும். மென்பொருளிடமும் ஜி 41 கேட்டு வாங்கலாம். ஆனால் கேட்பதற்கு அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டுமே!

ஆகவே கற்கத் தொடங்குகிறவன் கையால் எழுதட்டும். இரண்டாவது துளை எக்ஸ் 15, ஒய் 25.981 என்று கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். கன்ட்ரோலில் ஜி 16 இருந்தால் அதுவும் வேண்டாம். ஆரம் 30 என்று சொல்லிவிட்டு, கோணத்தை 0, 60, 120 என்று 300 வரை அடித்தால் ஜி 81 துளையிட்டுக்கொண்டே போகும். இருபது வரிக்குள் வேலை முடியும். எக்ஸ் 100 என்று புள்ளி வைக்காமல் அடித்தால் பல ஃபானுக் கன்ட்ரோல்கள் அதை 0.1 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். இந்தப் பாடம் ஒருமுறை டூல் இடித்தால்தான் மனதில் பதிகிறது. அப்படிப் பழகியவன் பிறகு எந்த மென்பொருளில் உட்கார்ந்தாலும், அது கொடுப்பதைத் தானே வாசித்துத் திருத்துவான். நல்ல ப்ரோகிராமர்களில் பலர், மெஷினை ஜாபுக்குத் தயார் செய்யும் செட்டராகத் தொடங்கியவர்கள்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒத்துவராது. அளவில் பிடிவாதமும், ஒரே எண்ணை மூன்று முறை சரிபார்க்கும் பொறுமையும் வேண்டும். சிலருக்கு அது இயல்பிலேயே இருக்கும். சிலருக்கு இரண்டு ஆண்டில் வரும். வராதவனுக்குத் தரக்கட்டுப்பாடோ மெயின்டனன்ஸோ பொருந்தலாம், அதில் குறைவொன்றும் இல்லை. பையனின் கை எதில் ஓடுகிறது என்று பார்க்காமல் ஊர் ஓடும் பக்கம் தள்ளிவிடுவதுதான் அவனுக்குச் செய்யும் கெடுதல்.

கட்டணம் கட்டுவதற்கு முன் தெரிந்த ஷாப் ஒன்றில் அவனைப் பத்து நாள் நிற்க வைக்கலாம். புது ஜாப் ஏறும் நாளில் செட்டர் சிங்கிள் பிளாக்கைப் போட்டு, ரேப்பிட்டைக் குறைத்து, ஒரு கையை ஃபீட் ஹோல்டில் வைத்தபடி ஒவ்வொரு வரியாக ஓட்டுவார். முதல் பீஸ் இறங்க வெகுநேரம் ஆகும். அந்த நேரம் முழுக்கப் பையனின் கண் டூல் நுனியில் இருந்ததா, செல்போனில் இருந்ததா என்று செட்டரையே கேட்டுக்கொள்ளலாம்.