வர்க்கம் ஏன் கீழே விழுந்தது?

கேள்வி: சாதாரண தர மாணவர்களுக்காக, எங்கள் ஊர்த் தோட்டக் கிணறு ஒன்றின் கனவளவு காணும் பாடத்தை இணையப் பக்கமாகச் செய்தேன். விளக்கம், சூத்திரம், படம் மூன்றும் உலாவியில் சரியாகத் தெரிந்தன. அதையே இ-பப் மின்னூலாக்கியபோது, ஆரைக்கு மேலே நின்ற வர்க்கக் குறி இறங்கி வெறும் 2 ஆகிவிட்டது. படம் மறைந்து, அதிலிருந்த 'ஆரை', 'உயரம்' என்ற சொற்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தமிழ் எழுத்துருதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?
– கணித ஆசிரியை, நீர்வேலி

பதில்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவோடு மாரடித்த எவருக்கும் முதல் சந்தேகம் எழுத்துருமேல்தான் வரும். அதில் ஆங்கில 'எம்' இருந்த இடத்தில் 'அ' உட்கார்ந்திருக்கும். சூத்திரத்தில் அந்த எழுத்துரு பட்டுவிட்டால் கணக்கே வேறாகிவிடும். ஆனால் உங்கள் மின்னூலில் தமிழ்ச் சொற்கள் பழுதில்லாமல் இருக்கின்றனவே! ஒருங்குறியில் எழுதியிருக்கிறீர்கள். எழுத்துருவை விட்டுவிடலாம்.

உங்கள் ஒரே கோப்புக்குள் மூன்று மொழிகள் இருக்கின்றன. பத்திகளுக்கு எச்டிஎம்எல், சூத்திரத்துக்கு மத்எம்எல், கோட்டுப்படத்துக்கு எஸ்விஜி. மூன்றும் கோண அடைப்புக்குள் எழுதும் குறிகளால், அதாவது டாக்குகளால் ஆனவை. சில டாக்குகளுக்கு இரண்டு மொழிகளில் ஒரே பெயர். 'டைட்டில்' என்பது பக்க மொழியில் பக்கத்தின் தலைப்பு, பட மொழியில் படத்தின் பெயர். வகுப்பில் இரண்டு சிவகுமார் இருந்தால் இடாப்பில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் பார்த்துத்தானே பிரிப்பீர்கள்? அந்த முதலெழுத்தின் வேலையைச் செய்வது பெயர்வெளி: ஒரு டாக் எந்த மொழியைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம். 1999 ஜனவரியில் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூத்ரீசி அமைப்பு இதை விதியாக்கியது.

எச்டிஎம்எல்5 உலாவி இதில் தாராள மனசு கொண்டது. 'மத்', 'எஸ்விஜி' என்ற டாக்குகளைக் கண்டதும் தானே மொழி மாறிக்கொள்ளும். இ-பப் அப்படியல்ல, அதன் பக்கங்கள் எக்ஸ்எம்எல் என்ற கண்டிப்பான இலக்கணத்தில் அமைபவை. அங்கே பெயர்வெளியைச் சொல்லாவிட்டால் எல்லா டாக்குகளும் பக்க மொழியின் கணக்கில் சேர்ந்துவிடும். அந்த மொழியில் 'மேலே ஏற்று' என்ற மத்எம்எல் டாக் இல்லை. தெரியாத டாக்கை விட்டுவிட்டு உள்ளிருக்கும் எழுத்தை மட்டும் வாசிப்புச் செயலி காட்டுகிறது. 2 கீழே விழுகிறது. வட்டத்துக்கும் கோட்டுக்கும் உள்ளே எழுத்தே இல்லை, ஆகவே அவை மறைகின்றன. படத்துக்கு 'டைட்டில்' வைத்திருந்தீர்களானால் அதுவும் மறைந்திருக்கும், பார்த்தீர்களா?

பரிகாரம் சிறியது. மத், எஸ்விஜி இரண்டின் தொடக்க டாக்கிலும் அதனதன் பெயர்வெளியை எழுதுங்கள். அது இணைய முகவரிபோலத் தோன்றும். மத்எம்எல்லினுடையதில் 1998உம், எஸ்விஜியினுடையதில் 2000உம் இருக்கும். பழையதாயிற்றே என்று ஆண்டைத் திருத்திவிடாதீர்கள்! செயலி அந்த முகவரிக்குப் போவதே இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி.

இன்னும் ஒன்று: மின்னூலின் உள்ளடக்கப் பட்டியலான ஓபிஎஃப் கோப்பில், அந்தப் பக்கத்துக்கு நேரே மத்எம்எல், எஸ்விஜி இரண்டும் உண்டென்று குறிக்க வேண்டும். அதன் பிறகும் ஏதாவதொரு கைபேசியில் சூத்திரம் சிதறினால் உங்கள்மேல் பழியில்லை. குரோம் உலாவியே மத்எம்எல்லை 2013இல் சேர்த்து, உடனே கழற்றி, 2023இல்தான் மறுபடி பூட்டியது. மாணவர்களிடமுள்ள வாசிப்புச் செயலிகளில் இரண்டொன்றில் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.