சுமை தூக்கும் வானூர்தி

சுமையைச் சுமப்பதினும், அதனைத் தூக்குவதும் இறக்குவதுமே அரிய செயல்கள். திருவனந்தபுரத்து ஆரியசாலையில் வாழும் எனக்கு இவ்வுண்மையைக் கற்பித்தவர்கள் சாலைக் கடைத்தெருவின் சுமைத் தொழிலாளர்கள். தலையில் சும்மாடு வைத்து, மூட்டையின் நடுவைத் தலைக்கு நேராக்கி, உடல் நிலைபெற்ற பின்னரே அவர்கள் அடியெடுத்து வைப்பர். ‘ட்ரோன்’ என வழங்கும் ஆளில்லா வானூர்தியால் பொருள் கொண்டு செல்லப் பயில்வோர்க்கும் முதற்பாடம் இதுவே.

முதலில் எடையைக் காண்போம். ஊர்தி அந்தரத்தில் நிற்க, அதன் விசிறிகள் தரும் உந்துவிசை மொத்த எடைக்குச் சமமாதல் வேண்டும். எடை இருமடங்கானால் ஆற்றலும் இருமடங்கு போதும் என்று எண்ணலாகாது, ஏறத்தாழ 2.8 மடங்கு வேண்டும். 2 கிலோகிராம் ஊர்தி வெறுமையாக 30 நிமிடம் நிற்குமாயின், இன்னொரு 2 கிலோகிராமைத் தூக்கியதும் அதே மின்கலம் 11 நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். ஆதலின் புறப்படுமுன் திரும்பும் வழிக்கும் கணக்கிடுதல் கடமை.

அடுத்தது சுமையின் இடம். அது ஊர்தியின் ஈர்ப்பு மையத்திற்கு நேர்கீழே அமைதல் வேண்டும். ஒருபுறம் ஒதுங்கினால் அப்பக்கத்து விசிறிகள் மிகுதியாக உழைத்துச் சூடேறும். கயிற்றில் தொங்கவிட்டாலோ சுமை ஊசலாகிறது. 1 மீட்டர் கயிறு ஒருமுறை ஆடிவர ஏறக்குறைய 2 வினாடி ஆகும்; 4 மீட்டர் கயிற்றுக்கு 4 வினாடி. விரைந்து கிளம்பினாலும் சட்டென நிறுத்தினாலும் ஆட்டம் பெருகும். மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்துவதே மருந்து.

இறுதியாக இறக்குதல். கொக்கி திறந்து சுமை விலகும் அக்கணத்தில், மிகுந்துநிற்கும் உந்துவிசை ஊர்தியை மேலே எறியும். அதனை எதிர்பார்த்து விசையைக் குறைக்கக் கை பழகியிருத்தல் வேண்டும். ஆகவே முதலில் வெறும் ஊர்தி, பின்னர்ச் சிறு மணற்பை, அதன்பின் பயணம் என்ற வரிசையே நன்று. மணற்பையை ஆளுயரம் தூக்கி, நிறுத்தி, இறக்குவதைப் பலமுறை செய்த பிறகே முன்னே செலுத்தலாம்.

இப்பயிற்சியை நம் ஆரியசாலை மொட்டைமாடியில் செய்ய முற்படுதல் தகாது. 2021 ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இசைவின்றிப் பறக்கவிடலாகாது. நம் விமான நிலையமோ மிக அருகில் உள்ளது. மேலும் அவ்விதிகள் ஊர்தியை வகைப்படுத்துவது சுமையையும் சேர்த்த எடையைக் கொண்டே. ஏற்பு பெற்ற பயிற்சி நிலையங்களில் கற்பதே முறை.

இக்கல்வியால் பயன் என்ன? 2018 இல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியொன்றில், தொலைவிலிருந்து இரத்த மாதிரியை வானூர்தியால் பெற்றுவரும் பணி தரப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்து எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு அதில் இரண்டாமிடம் பெற்றது. 2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரில், லோக்தாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குத் தடுப்பூசி இவ்வாறே சென்றது. சாலைவழி 26 கிலோமீட்டர். வான்வழி 15 கிலோமீட்டர். கால்மணி நேரத்திற்குள் மருந்து போய்ச் சேர்ந்தது.

“அப்படியானால் கடைத்தெருத் தொழிலாளரின் பிழைப்பு என்னாகும்?” என நண்பர்கள் வினவுகின்றனர். நேர்மையான வினா அது. லாரியிலிருந்து பத்தடி தொலைவிலுள்ள கடைக்கு 50 கிலோகிராம் அரிசி மூட்டையை இறக்க இவ்வூர்தியை ஏவுவது, மேலே கண்ட கணக்கின்படி வீண்செலவே. சுமை சிறிதாய், வழி கடிதாய், காலம் அரிதாய் உள்ள இடமே இதற்குரிய களம். வழியில்லா ஊரின் நோயாளிக்கு ஒரு குப்பி குருதி காலத்தில் எட்டுமாயின், அதைவிடப் பெரிய சுமை வேறு எது? மாணவ நண்பர்களே, எதைத் தூக்குவது, எதற்காகத் தூக்குவது எனத் தெளிந்து இக்கலையைப் பயில்வோமாக!